நிறுத்திவைத்த பெயர்

ஓர் ஆளை இரண்டு இடத்தில் எழுதிவைப்பதில் எங்கள் ஆட்களை யாரும் வெல்ல முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படி எழுதுவதைப் பிடித்து நிறுத்துவதுதான் பல வருடமாக என் வேலை. கல்முனையில் ஒரு விநியோகக் கம்பனியின் கந்தோரில், மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். கரையோரம் நெடுகக் கிளைகளும் களஞ்சியங்களும் உள்ள கம்பனி. வேலை செய்கிறவர்களுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் வைத்தியக் காப்புறுதி உண்டு. யார் யார் அதில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒரு மென்பொருளில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒருவரும் இரண்டு தடவை வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் விசயம். கேட்கச் சின்னதாக இருக்கும்.

எப்படியெல்லாம் வருவார்கள் தெரியுமா? பழைய அடையாள அட்டையில் ஓர் இலக்கம், புது அட்டையில் வேறோர் இலக்கம். மனிதர் இரண்டையும் கொடுத்து இரண்டு ஆளாகிவிடுவார். கணவனும் மனைவியும் எங்களிடமே வேலை செய்வார்கள். பிள்ளைகளை அவளும் சேர்ப்பாள், அவரும் சேர்ப்பார். அக்கரைப்பற்றிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சாரதிக்கு இரண்டு ஊழியர் இலக்கம் இருந்தது; அவருடைய மனைவி இரண்டிலும் இருந்தார். ஒரு மழைநாளில் இணைப்பு இழுபட்டபோது ஒருவர் பொறுமையில்லாமல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கியதில், பிறந்து பத்து நாளான ஒரு குழந்தை மூன்று குழந்தையானது. தகப்பனைக் கூப்பிட்டு, "மூணு புள்ளையாமே, சொல்லவே இல்லையே" என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை.

"ரெண்டு இடத்தில இரிந்தா நல்லம்தானே மிஸ், ஒண்டு குடுக்காட்டி மத்தது குடுக்கும்" என்பார்கள். கொடுக்காது. ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும்போது காப்புறுதிக்காரர் இரண்டு பதிவையும் பார்ப்பார். எது சரியான பதிவு என்று முடிவாகட்டும் என்று இரண்டையுமே நிறுத்திவிடுவார். கடிதம் வராது, ஒப்பரேசன் தள்ளிப்போகும். இதை நான் கிளை கிளையாகப் போய்த் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். ஏசியும் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதனால் மென்பொருளிலேயே ஒரு காவல் போடச் செய்தேன். ஒருவரைச் சேர்க்கப் போனால், அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் வைத்து அது முழுப் பட்டியலையும் தேடும். ஏற்கெனவே எங்காவது இருந்தால் சேர்க்க விடாது. ‘இவர் வேறொரு பதிவில் இருக்கிறார்’ என்று திரையில் சிவப்பில் வரும். அந்த வசனத்தை எழுதியது நான். எத்தனை தடவை, யார், யாரைச் சேர்க்கப் போய்த் தடுக்கப்பட்டார்கள் என்ற விபரம் அடுத்த நாள் காலையில் என் மேசைக்கு வரும். அதை வாசிக்கும்போது எனக்குள் ஒரு பொலிஸ்காரி உட்கார்ந்திருப்பாள்.

மென்பொருள் புதிதாக வந்த காலத்தில் தலைமைக் கந்தோர் விதிகளை எழுதி அனுப்பியது. விவாகரத்து என்றால் துணையின் பெயர் அன்றைக்கே நீங்கும் என்று ஒரு விதி. கணினி வழிக் கூட்டத்தில் நான் மறித்தேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்ய முடியாது என்றேன். தலாக் சொன்ன பிறகு பெண் இத்தா என்ற காத்திருப்பில் இருக்கிறாள், அநேகமாக மூன்று மாதம். முதல் தலாக் என்றால், அந்தக் காலம் முடிவதற்குள் கணவன் மனம் மாறி மீட்டுக்கொள்ளலாம். அதே நிக்காஹ் தொடரும், புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. நீங்கள் முதல்நாளே பெயரை வெட்டிவிட்டால், பிறகு சேர்க்கும்போது காப்புறுதிக்காரர் அதைப் புதுச் சேர்க்கை என்பார். நிரந்தரமான மாதத்திலேயே சேர்க்கிற குடும்பத்துக்கு மட்டும்தான் எல்லாம் உடனே கிடைக்கும், மற்றவர்களுக்குப் பழைய வருத்தங்களுக்கு உடனே கிடைக்காது என்பார். சேர்ந்து வாழ வந்தவர்களை நாங்கள் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்டேன். பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

அப்படித்தான் ‘நிறுத்திவைப்பு’ என்ற ஒரு நிலை வந்தது. இத்தா முடியும் வரை பெயர் நீங்காது. அந்த ஆள் பட்டியலில் இருப்பவராகவே கணக்கு. காவலும் அவரை இருப்பவராகவே பார்க்கும். மூன்று மாதத்தில் தானாக முடிகிற மாதிரி எழுதவா என்று மென்பொருள் எழுதுகிறவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கர்ப்பிணி என்றால் பிள்ளை பிறக்கும் வரை இத்தா. ஒவ்வொருவருக்கும் கணக்கு வேறு. "நானே கையால முடிச்சிவைப்பன்" என்றேன். ஒவ்வொரு மாதமும் நிறுத்திவைத்த பெயர்களை அச்செடுத்து, நானும் என்னோடு வேலை செய்யும் அக்காவும் பார்த்துக் கையெழுத்து வைப்பது என்று முடிவானது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் இதைப் பெருமையாக என் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எங்கட ஆக்களுக்கு வக்கீலே தேவல்ல, நீ ஒருத்தியே காணும்" என்றார்.

அவர் ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, அதனால் வேறு காப்புறுதியும் இல்லை. என்னுடைய பதிவின் கீழே ‘தங்கிவாழ்வோர்’ என்ற நிரலில் அவர் ஒருவர்தான். பிள்ளை எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்களில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். அதிலிருந்து அதுதான் அவருக்கும் வீடு. நிரலின் தலைப்பைக் காட்டி, "பாருங்க, கம்பனியும் அப்பிடித்தான் எழுதியிரிக்கி" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் கோபப்பட்டதில்லை.

அவரைப் பற்றி என்ன சொல்வது? கேற்றடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்துகிற போதே, "என்ன ஆக்கின?" என்று சமையலைக் கேட்பார். முதலில் ஸலாம் சொல்லுங்கள் என்று நான் கத்துவேன். சொல்லிவிட்டு மறுபடியும், "என்ன ஆக்கின?" கிணற்றடியில் சவர்க்காரத் தூள் போட்டு விரல் நகத்திலிருந்து எண்ணெய்க் கறையை எடுக்கக் கால்மணி நேரம். முற்றும் போகாது. கடல் பக்கம் படகுச் சத்தம் கேட்டால், "அவனுக்கு எண்ணெய் வாறது காணாது" என்று படுக்கையிலிருந்தே சொல்வார். இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. எந்தப் படகுக்கு என்ன குறை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன், அவ்வளவுதான்.

பிரிவுக்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒருநாள் கட்டார் போவதற்குப் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டேன் என்று வந்து சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்திருந்தார். எனக்குத் தலைக்கேறியது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கடைசியாக, "இது என்ட ஊடு. போறதெண்டா இண்டைக்கே போங்க" என்றேன்.

வேறு எங்காவது இதைச் சொன்னால் ஒரு சண்டை வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கணவனிடம் சொல்லக் கூடாத ஒன்று இருக்கிறது என்றால், அது இதுதான். ஏனென்றால் அது உண்மை. இரண்டு சட்டையையும் எஞ்சின் திருத்தும் சாவிப் பையையும் எடுத்துக்கொண்டு அவருடைய உம்மா வீட்டுக்குப் போனார். கட்டாருக்கும் போகவில்லை. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் கதைத்தார்கள், கதைக்கக் கதைக்க வீம்பு கூடியது. கடைசியில் காதியார் முன்னால் ஒரு தலாக்கில் வந்து நின்றது.

இத்தாவுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்தேன். முதல் நாள் காலையில் கணினியைத் திறந்து, என் பதிவில் அவர் பெயருக்கு எதிரே ‘நிறுத்திவைப்பு’ என்று நானே போட்டேன். மூன்று மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

இத்தாக் காலத்தில் மனைவி கணவனின் வீட்டை விட்டுப் போகக் கூடாது, அவனும் அவளை வெளியேற்றக் கூடாது என்று ஓதியிருக்கிறோம். ஒரே வீட்டில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் இறங்கும் அல்லவா? ஆனால் எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. கோபம் வந்தால் ஆண்தான் வெளியே போகிறான். போனவன் கூப்பிடாமல் எப்படி வருவான்? ‘போ’ என்று சொன்ன வீட்டுக்கு அவர் தானாக வரட்டும் என்று நான் இருந்தேன். ‘போ’ என்று சொன்னவள் ஒரு வார்த்தை ‘வா’ என்று சொல்லட்டும் என்று அவர் இருந்திருப்பார். மீட்டுக்கொள்ளும் உரிமை அவர் கையில், கேற்றின் சாவி என் கையில். என் உம்மா தினமும், "ஒரு கோல் எடன்கா" என்று கெஞ்சினார். என் வீம்பு போனை எடுக்க விடவில்லை.

கடைசி நாள் அசர் தொழுகைக்குப் பிறகு நான் போய்க் கேற்றைத் திறந்து வைத்தேன். அகலத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தேன். அதைப் பார்த்து விளங்கிக்கொள்ளட்டும் என்று. அவர் போனதிலிருந்து எங்கள் தெருவுக்கே வராதவர்; எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மஃரிபு பாங்கு சொல்லி இத்தா முடியும் வரை நின்றேன். பக்கத்து வீட்டு ஆடு இரண்டு உள்ளே வந்து செவ்வரத்தையைத் தின்றது. அவற்றை விரட்டிவிட்டுக் கேற்றைச் சாத்தினேன்.

அடுத்த நாள் கந்தோருக்குப் போனேன். நிறுத்திவைப்பை முடிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நாளைக்குச் செய்வோம் என்று விட்டேன். அந்த ‘நாளைக்கு’ நான்கு வருடம் ஓடியது.

மாதா மாதம் பட்டியல் வந்தது. மற்றவர்களின் நிறுத்திவைப்பை ஒரு நாள் பிந்தாமல் முடித்தேன். என்னுடையதை மட்டும் தாண்டிப் போவேன். ஏன் என்று யாரும் கேட்டிருந்தால், மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பேன். உண்மை இதுதான்: உலகத்தில் என் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக இருந்த கடைசி இடம் அது. ஒரு கண்ணாடித் திரையில், மேலே நான், கீழே அவர். வேலை நெருக்கடியான நாட்களில் அதைத் திறந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். போதவில்லை. ஆனால் அது இருந்தது.

அவர் மறுமணம் செய்ததை ஊர் எனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டது. நிந்தவூர்ப் பெண், முதல் கணவர் மவுத்தான விதவை. பிறகு அவள் எங்கள் கம்பனியின் நிந்தவூர்க் களஞ்சியத்தில் பொதியிடும் வேலைக்குச் சேர்ந்தாள். நியமனக் கடிதம் என் கையால்தான் போனது. விண்ணப்பத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் நிரந்தரமாவாள், அப்போது காப்புறுதியில் கணவரைச் சேர்ப்பாள், காவல் மறிக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்போதே முடித்திருக்கலாம். ஆறு மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன். எனக்கு மாதக் கணக்கு என்றாலே இப்படித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தடுக்கப்பட்டவர்களின் விபரம் வந்தது. நிந்தவூர்க் களஞ்சியம், ஒரு பெண் ஊழியர், கணவரைச் சேர்க்கப் போயிருக்கிறார், தடுக்கப்பட்டது. புதன்கிழமையும் அதே வரி. வியாழக்கிழமை காலையில் இரண்டு தடவை. எழுத்தில் முறைப்பாடு வரட்டும், வந்தால் பார்ப்போம் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். கிளை கிளையாகப் போய் ஏசியவள் நான். வெட்கக்கேடு.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மிஸ், நான் நிந்தவூர்க் களஞ்சியத்திலருந்து கதைக்கிறன். என்ட மாப்பிள்ளைய காப்புறுதியில சேர்க்கப் போனா சிஸ்டம் உடுகுதில்ல. வேற பதிவில இரிக்கார் எண்டு செவப்பில வருகுது. அவருக்கு வேற வேலயும் இல்ல, காப்புறுதியும் இல்ல மிஸ்."

"என்ன அவசரம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பித்தப்பையில கல்லாம். திங்கக்கிழம ஒப்பரேசன். சனிக்கிழம பகலுக்குள்ள காப்புறுதிக் கடிதம் வேணுமாம், இல்லாட்டி அடுத்த ஆளுக்கு நாளக் குடுத்திருவாங்களாம். மறுகா எப்ப கிடைக்குமோ தெரியா. மூணு நாளா ஆள் சோறு திங்கிறாரில்ல. நெஞ்சுக்குக் கீழ புடிச்சா சுருண்டு படுத்திருவார்."

காப்புறுதிக்காரருக்குக் கடிதம் எழுத ஒரு முழு வேலைநாள் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ; எங்களுக்கு அரைநாள். இந்த வியாழன் பின்னேரம் நாலு மணிக்குள் பதிவு போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

"இலக்கத்தைச் சொல்லுங்க" என்றேன்.

"ஒண்டு, ஒம்பது, ஏழு..." அவள் அட்டையைப் பார்த்து ஆறுதலாக, ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். அவள் ஆறாவது இலக்கத்துக்கு வரும்போது நான் பன்னிரண்டையும் எழுதி முடித்திருந்தேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டு அவள் முடிக்கும் வரை இருந்தேன்.

"ஓம், இவர் வேறொரு ஊழியரின்ட பேர்ல இரிக்கார்" என்றேன்.

"ஆர்ர பேர்ல மிஸ்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ‘தவறு, திருத்திவிடுகிறோம்’ என்று சொல்லி வைத்திருக்கலாம்.

"என்ட பேர்ல" என்றேன்.

அந்தப் பக்கத்தில் பெட்டிகளை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ராத்தாவா?" என்றாள்.

நான் யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது; மிஸ் போய் அக்காவாகிவிட்டேன். எழுதிய இலக்கத்தின் கீழே ஒரு கோடு இழுத்தேன்.

"ராத்தா, ஒங்களுக்குக் கோவமெண்டா எனக்கு ஏசுங்க. நான் கேட்டுக்கிறன். பேர மட்டும் எடுத்துத் தாங்க. அவருக்கு நான் இதச் சொல்ல மாட்டன்."

ஏச வேண்டியது என்னை. மூன்று நாளாக அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டு நான் தேநீர் குடித்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் அவர் சுருண்டு கிடந்திருக்கிறார். என்னுடைய ஏக்கத்துக்கு அவருடைய வயிற்றைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "அரைமணித்தியாலத்தில எடுக்கிறன். நீங்க போன் பக்கத்தில இரிங்க" என்றேன்.

நிறுத்திவைப்பை ஒருவர் தனியாக முடிக்க முடியாது. இரண்டாவது ஆள் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். அந்த விதியையும் நான்தான் போட்டேன். எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் அக்கா, கல்முனை மெதடிஸ்த குடும்பத்துப் பெண், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். "அக்கா, ஒரு பதிவு முடிக்கணும்" என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே என் பதிவைத் திறந்தார்.

"தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாசா மாசம் பார்த்துட்டுத்தானே புள்ள கையெழுத்து வச்சன்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ எடுத்திருப்பாய்" என்றார். "எடுத்துட்டு எங்க போய் அழுவாய்?"

கந்தோரில் நான் அழுகிறவள் இல்லை. அன்றும் அழவில்லை, மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான். நிறுத்திவைப்பு முடிந்த திகதி என்ற கட்டம் திறந்தது. இன்றைய திகதியைப் போடலாம், மென்பொருள் ஏற்கும். போட்டால் இந்த நான்கு வருடமும் அவர் எனக்குக் கீழே இருந்தவராகவே பதிவாகும். எனக்கு அந்த ஆசை வந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அது பொய். அதோடு இன்னொருத்தியின் நிக்காஹ் நடந்த நாளும் அந்தப் பொய்க்குள்ளே வந்துவிடும். இத்தா முடிந்த நாளையே போட்டேன். பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை. அக்கா அனுமதித்தார். அவர் பெயர் மறைந்தது. என் பெயருக்குக் கீழே ‘தங்கிவாழ்வோர் எவருமில்லை’ என்று வந்தது.

நிந்தவூருக்கு அழைத்து, "இப்ப போட்டுப் பாருங்க" என்றேன். போட்டாள். காவல் விட்டது. ஆனால் வேறு இடத்தில் நின்றது.

"விலாசம் பொருந்தல்ல எண்டு வருகுது ராத்தா."

துணையின் அட்டை விலாசம் ஊழியரின் விலாசத்தோடு பொருந்த வேண்டும். அவள் இணைத்திருந்த அடையாள அட்டைப் பிரதியைத் திறந்தேன். எங்கள் பக்கத்து ஆண்கள் கல்யாணம் முடித்ததும் கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து, அட்டையில் பெண் வீட்டு விலாசத்தைப் போட்டுக்கொள்வார்கள். அட்டையில் என் வீட்டு இலக்கம் இருந்தது. என் தெரு இருந்தது.

"எத்தின தரம் சொல்லிட்டன் ராத்தா, மாத்துங்க மாத்துங்க எண்டு. பாப்பம், பாப்பம் எண்டுதான் சொல்றார். ஒரு நாளும் போனதில்ல." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அவளுக்கும் அது சுடாமல் இருந்திருக்காது.

எனக்கு வந்தது சந்தோசம். மறைக்க மாட்டேன். வெட்கங்கெட்ட சந்தோசம். நான்கு வருடமாக அவருடைய சட்டைப் பையில் என் வீடு இருந்திருக்கிறது. சோம்பலாக இருக்கலாம், கிராம சேவகரின் வரிசையில் நிற்கப் பஞ்சியாக இருக்கலாம். அந்த மனிதர் எஞ்சினைத் தவிர எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவர்தான். இருந்தாலும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ஒரு பெயரை விடாமல் இருந்தேன், அவர் ஒரு விலாசத்தை விடாமல் இருந்தார். அப்போதே ஒருவர் ஒரு கோல் எடுத்திருந்தால் என்ன?

மணி மூன்றே முக்கால். பொறுப்பான அலுவலர் காரணம் எழுதி விலாசத்தை மாற்றலாம் என்று மென்பொருளில் ஒரு வழி உண்டு. "உங்கட ஊட்டு விலாசத்தச் சொல்லுங்க" என்றேன். அவள் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக நான் அடித்தேன். காரணம் என்ற இடத்தில், ‘இவர் இங்கேதான் வசிக்கிறார்’ என்று எழுதினேன். பதிவு ஏறியது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் காப்புறுதிக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலையில் கடிதம் வந்தது. திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ளுஹர் தொழப் போனவள் பாயை மடிக்க மனமில்லாமல் துஆவிலேயே இருந்தேன். எந்த உரிமையில் கேட்கிறேன் என்று அல்லாஹ்வுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி.

புதன்கிழமை பகல் அவள் அழைத்தாள். வெட்டாமல் துளை போட்டே பையோடு கல்லை எடுத்துவிட்டார்களாம், ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், அல்ஹம்துலில்லாஹ், கடிதம் ஒரு கேள்வியும் இல்லாமல் செல்லுபடியானதாம். நான், "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆரது?"

நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். கொஞ்சம் மெலிந்திருந்தது.

"ஆபீஸ் மிஸ். காப்புறுதி விசயமா" என்று அவள் அவருக்குச் சொன்னாள்.

வேலை முடிந்தது, நான் வைத்திருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியிலருந்து எத்தின மணிக்கு வெளிய வந்த எண்டு கேளுங்க" என்றேன். காப்புறுதிக்காரருக்கு அது தேவையில்லை. எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி கிடையாது. அவள் கேட்டாள். "பத்தரை இரிக்கும்" என்றார். நான் ஒரு துண்டில் பத்தரை என்று எழுதினேன்.

"என்ன சாப்பிடச் சொல்லியிரிக்காங்க எண்டும் கேளுங்க."

கேட்டாள். "என்னத்தச் சாப்பிட. கஞ்சிதான். உப்புமில்ல உறைப்புமில்ல" என்று அவர் முணுமுணுத்தார். நான் அதையும் எழுதினேன். பிறகு எழுதுவதற்கு எதுவும் இல்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அவள் எழுந்து நடந்திருக்க வேண்டும். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் குரல் பக்கத்தில் வந்தது, தாழ்ந்து.

"ராத்தா, இன்னும் ஏதும் கேக்கணுமா? கேளுங்க. நான் போய்க் கேட்டுச் சொல்றன்."

"இல்லகா" என்றேன். "எல்லாம் சரி."

அவள் வைக்கட்டும் என்று நான் இருந்தேன். நான் வைக்கட்டும் என்று அவளும் இருந்தாள்.